எத்தனை மணி நேரம், யாரோடு?

பெஞ்சமின் ரீ இயக்கிய 'தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்' (2024) ஆவணப்படத்தைப் பார்த்த பலர், 'பாத்தீங்களா, கேம் ஆடுறது ஒண்ணும் தப்பில்ல' என்கிறார்கள். அவ்வளவு எளிதாக அதைக் கடந்துவிட எனக்கு மனமில்லை.

நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீனுக்கு டூஷேன் தசைச்சிதைவு நோய். உடல் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்க, 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் இபெலின் என்ற பெயரில் வாழ்கிறார். 2014இல், 25 வயதில் இறக்கிறார். நண்பர்களே இல்லாமல் போய்விட்டானே என்று பெற்றோருக்குத் துக்கம். அவருடைய வலைப்பூவில் செய்தியைப் போடுகிறார்கள். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிகின்றன. குழுவினர் சேமித்து வைத்திருந்த உரையாடல் பதிவுகளைக் கொண்டு அந்த வாழ்க்கையை அனிமேஷனாக எழுப்பியிருக்கிறார் ரீ.

படத்தில் எனக்கு முக்கியமாகப்பட்டவை இரண்டு இடங்கள். நெதர்லாந்துச் சிறுமி ஒருத்தியின் கணினியைப் பெற்றோர் பிடுங்கிவிடுகிறார்கள். அவள் இன்னும் சுருங்கிப்போகிறாள். மாட்ஸ் அந்தப் பெற்றோருக்கே கடிதம் எழுதுகிறார். இன்னொரு இடத்தில், அறையை விட்டு வெளியே வராத ஆட்டிசம் உள்ள மகனோடு சேர்ந்து விளையாடிப் பாருங்கள் என்று டென்மார்க் தாய்க்கு யோசனை சொல்கிறார். அம்மாவும் பிள்ளையும் முதலில் கேமுக்குள்தான் கட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் அதே மாட்ஸ் தன் நோயை நண்பர்களிடம் வருஷக்கணக்கில் மறைத்தார். யாராவது நெருங்கி வந்தால் எரிந்து விழுந்தார். கடைசியில் வலைப்பூவில் உண்மையை எழுதிய பிறகுதான் இறுக்கம் தளர்கிறது. அவர் மீண்டு வரவேண்டியிருந்தது அந்த ஒளிதலிலிருந்துதான். விளையாட்டு அதற்கு வசதியாகவும் இருந்தது, வெளியே வர வழியும் கொடுத்தது.

படத்தின் குறை, அது பொறுக்கியெடுத்துக் காட்டுவது. உருக்கமான உரையாடல்கள் இருக்கின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து தேய்ந்த இரவுகள் இல்லை. நம்மில் பலருக்குத் தெரிந்ததோ அந்த இரவுகள் மட்டும்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் கேமிங் குறைபாட்டை நோய்ப் பட்டியலில் ஏற்றியபோதும் இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைக்கவில்லை. கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளுகிறதா, பாதிப்பு தெரிந்தும் தொடர்கிறதா என்றுதான் கேட்கிறது. இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளலாம்: நாளைக்கு நான் ஆன்லைனுக்கு வரவில்லையென்றால், 'எங்கடா போன?' என்று கேட்க அங்கே யாராவது இருக்கிறார்களா?