யாரும் குனிந்து பார்க்காத பெட்டி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் மரக்காணம் தாண்டியதும் பெட்ரோல் முள்ளைப் பார்க்கத் தொடங்குவார்கள். கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி எல்லை; வரி குறைவு என்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். காலாப்பட்டுப் பக்கத்து பங்க்குகளில் தமிழ்நாட்டு எண் வண்டிகள் நின்று "ஃபுல் பண்ணுங்கண்ணே" என்று கேட்பது அன்றாடக் காட்சி. அந்த ஃபுல் போய்ச் சேரும் பெட்டிக்குத்தான் ரசிகர் கிடையாது. எஞ்சினைத் திறந்து காட்டுவார்கள், சக்கரத்துக்கு அலாய் போடுவார்கள். டேங்க்கைத் தடவிப் பார்ப்பவன் காரைத் தன் கையாலேயே கட்டுகிறவன் ஒருவன்தான். அதுவும் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுகிற நாளில்.

வீட்டில் பூட்டும் கார்களில் பேர்போனது 1957இல் வந்த லோட்டஸ் செவன். முழுக்காராக வாங்கினால் அன்றைய பிரிட்டனில் கொள்முதல் வரி. உதிரிகளாக வாங்கினால் இல்லை. பூட்டும் முறையை எழுதித் தந்தால் வரிச்சலுகை போய்விடும் என்பதால் கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுத்தார்கள், வாங்கியவர் தலைகீழாகப் படித்துக்கொள்ளட்டும் என்று. வரி மிச்சம் பிடிக்க எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு இந்தக் குறும்பு நன்றாகவே புரியும். நம் பக்கம் கோவையின் கரிவர்தன், மாருதி 800இன் 796 சிசி எஞ்சினைத் தன் சட்டத்தில் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். 1988இல் ஃபார்முலா மாருதி பிறந்தது. செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த கார்களோடு போட்டியிட அங்கே வருகிறார்கள். அந்தப் போட்டி வகையில் ஒரு சோதனை உண்டு: காரை 60 டிகிரி சாய்த்துப் பிடிப்பார்கள், ஒரு சொட்டும் கசியக் கூடாது. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் டேங்க் அழுதால் வண்டி தடத்தில் இறங்காது.

பழைய இரும்பு டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்தால் துரு எங்கே பிடித்திருக்கிறது என்பதே ஒரு பாடம். பெட்ரோலைவிட நீர் கனமானது. பாதி காலியாக நிற்கும் டேங்க்கில் இரவு ஈரம் படிந்து சொட்டாகி அடியில் போய்ச் சேரும். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். மேல்தகடு புதிதுபோல் மின்ன, அடிமூலையில் ஊசித்துளை. வெளியே பட்டை இறுக்கிய இடத்தில் இன்னொரு துரு. பட்டைக்கு அடியில் கம்பளித்துணி வைத்திருந்தால் அது உப்புக்காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். கடலோரத்தில் ரப்பர்தான் வைக்க வேண்டும். புதியது அலுமினியமென்றால் இரும்புப் பட்டை அதை நேராகத் தொடவே கூடாது. இரண்டு உலோகம், நடுவில் உப்புநீர் என்றால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும்.

எனக்கு மிகப் பிடித்தது வெல்டிங் முடிந்தால் பிறகு யாருமே பார்க்க முடியாத பாகம்: உள்ளே நிற்கும் தடுப்புத் தகடுகள். 30 லிட்டர் பெட்ரோல் 22 கிலோவுக்கு மேல் எடை. வளைவில் அத்தனையும் ஒரு பக்கம் பாய்ந்தால் வண்டியின் பின்புறம் அசையும், உறிஞ்சுகுழாய் வாய் காற்றைக் குடிக்கும், எஞ்சின் இருமும். தடுப்பு அந்தப் பாய்ச்சலை நடையாக்குகிறது. நல்ல கைகாரர் தகட்டின் ஓட்டைகளுக்கு உதடு மடித்திருப்பார். மெல்லிய தகட்டுக்கு அந்த மடிப்பே முதுகெலும்பு. அடிமூலைகளை மட்டும் சிறு முக்கோணமாக வெட்டியிருப்பார், கடைசிக் கால் லிட்டரும் குழாய் வாய்க்கு வந்து சேரட்டும் என்று. மூடிப் பற்றவைத்த பின் இந்த வெட்டைப் பாராட்ட ஆள் இல்லை. தெரிந்தேதான் செய்கிறார்.

கசிவுச் சோதனையில் ஒரு நாகரிகம் இருக்கிறது. சோப்பு நுரை தடவிக் காற்று ஏற்ற வேண்டும், ஆனால் கம்ப்ரஸரைப் பிடித்துவிடக் கூடாது. 40க்கு 30 சென்டிமீட்டர் தகட்டுக்கு 1,200 சதுர சென்டிமீட்டர் பரப்பு. சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோ அழுத்தம் என்றாலே அந்த ஒரு முகத்தில் 240 கிலோ உட்கார்ந்துவிடும். சைக்கிள் பம்பை மெதுவாக நாலு அழுத்து அழுத்தினால் போதும். பழைய டேங்க்கை ஒட்ட வைக்கலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க் பொல்லாதது. உள்ளே தங்கிய ஆவியும் காற்றும் கலந்து ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

அளவுமானியைப் பொருத்தும் வட்டத்தில் ஐந்து திருகுதுளைகள் இருக்கும். சமதூரத்தில் இல்லை, ஒன்று வேண்டுமென்றே தள்ளி இருக்கும். அதனால் மிதவை ஒரே ஒரு திசையில்தான் உட்காரும். இரவு 11 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் மாட்டினாலும் தப்பாது. அந்த ஒரு துளையைத் தள்ளி வைத்தவரைக் கும்பிடலாம். மின்தடைக்கு மட்டும் இந்தக் கருணை கிடையாது: ஐரோப்பிய மிதவை காலியில் 10 ஓம், நிறைந்தால் 180, அமெரிக்க வகை காலியில் 240, நிறைந்தால் 33. மிதவை ஒரு ஊர், முள் ஒரு ஊர் என்றால், டேங்க் நிரம்ப நிரம்ப முள் காலியை நோக்கி இறங்கும்.

ஊற்றுவாயையும் டேங்க்கையும் இணைக்கும் ரப்பர்க் குழாயை ஒட்டி ஒரு சின்ன வயர் ஓடும். ரப்பர் மின்சாரம் கடத்தாது. ஊற்றும்போது சேரும் நிலைமின்சாரம் ஊற்றுவாயிலேயே தங்கிப் பொறியாகாமல் சட்டத்துக்கு இறங்க அதுதான் வழி. பழையதைக் கழற்றும்போது அறுத்துவிட்டுப் புதியதில் மறந்துபோகிற முதல் சாமானும் அதுதான்.

கடைசியாக ஊற்றுகுழாயின் உள்முனை. அது மேல்தகட்டோடு நின்றுவிடாமல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். பெட்ரோல் அந்த முனையைத் தொட்டதும் மேலே அடைபட்ட காற்று வழிவிடாது. டேங்க் நிறைந்ததுபோல் காட்டும். பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் வெயிலில் 15 டிகிரி சூடேறினால் 30 லிட்டரில் ஏறக்குறைய அரை லிட்டர் விரியும். அந்த அரை லிட்டருக்கு விட்டுவைத்த இடம் அது. கம்பெனிக் காரிலும் இதே ஏற்பாடு உண்டு. பம்ப் டக்கென்று தானாக நின்றதும் பையன் கேட்பான், "ரவுண்டா போட்டுடவாண்ணே?" எல்லை தாண்டி வந்தவர் ஒரு சொட்டையும் விடுவாரா? போடு என்பார்.