பச்சை மேடும் நீலக் கோடும்
ஆபீசில் நெட் இழுத்தடித்தால், யாரோ வீடியோ பார்க்கிறார்கள் என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம். தேர்ந்த நெட்வொர்க் ஆள் யார்மீதும் பழி போடாமல் லைனின் போக்குவரத்து கிராஃபைத் திறப்பார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த கிராஃபுக்குப் பூர்வீகம் உண்டு. இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வெளியுலகுக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அதன் நிலவரத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதத் தொடங்கி, 1995இல் வெளியிட்டதுதான் எம்ஆர்டிஜி என்னும் மென்பொருள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரின் பைட் கணக்கை வாங்கும். கரண்ட் மீட்டர் ரீடிங் போல முந்தையதைக் கழித்து, வேகத்தை வரையும். பச்சைப் பரப்பு உள்ளே வருவது, நீலக் கோடு வெளியே போவது.

கண் பழகியவருக்கு வடிவமே பேசும். உச்சி மொட்டையாக வெட்டியதுபோல் இருந்தால் லைன் நிரம்பிவிட்டது. பச்சை தாழ்ந்து நீலம் மட்டும் உச்சியில் ஒட்டியிருந்தால், எங்கோ பேக்அப் மேலே ஏறிக்கொண்டிருக்கலாம். அப்லோட் அடைபட்டால், 'வந்து சேர்ந்தது' என்னும் பதில் பாக்கெட்டுகளும் வரிசையில் மாட்டிக்கொள்ளும், டவுன்லோடும் படுத்துவிடும். வேகம் போதவில்லை என்று அவசரப்பட்டு பெரிய பிளான் வாங்குவது இங்கேதான்.

அளவு தெரிந்தபின் ஆளைத் தேட வேண்டும். ஐஎஃப்டாப் என்னும் கருவியின் திரையில் யாருக்கும் யாருக்கும் இடையே எவ்வளவு போக்குவரத்து என்பது 2, 10, 40 நொடி சராசரிகளாக ஓடும். அதிலிருந்து ஐபி முகவரி, ஏஆர்பி அட்டவணையில் மேக் முகவரி, சுவிட்சில் போர்ட் எண். பிறகு கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், மேசைக்கடியில் யாரும் நினைத்துப் பார்க்காத கேமரா ரெக்கார்டர் ஒன்றுகூட இருக்கலாம்.