‘சேலை’ என்றொரு மெனு

உரைக் கோப்புகளை எழுத நான் பயன்படுத்தும் ஈமேக்ஸ் மென்பொருளின் திரை உச்சியில் ஃபைல், எடிட், ஆப்ஷன்ஸ், டூல்ஸ் என்று வரிசையாக நிற்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது: ‘சேலை’. அதை அங்கே வைத்தது நான். வைத்து ஏழு மாதம் ஆகிறது. இன்றைக்கும் காலையில் கணினியைத் திறந்தால் கண் முதலில் போய் நிற்பது அந்தச் சொல்லில்தான்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரு தறி ஓடுகிறது. அப்பா இப்போது தறியில் உட்காருவதில்லை, அண்ணன் நெய்கிறார். சேலை ஒவ்வொன்றையும் பற்றி எழுதுவது என் வேலை. பேட்டு (கரை) என்ன, உடலில் என்ன, முந்தி எப்படி, ஜரிகை என்ன, எடை எவ்வளவு, யார் கேட்டது, எப்போது தர வேண்டும். எல்லாம் வெறும் உரைக் கோப்புகள். ஒரு நாளில் ‘கோர்வை’ என்ற சொல்லை எத்தனை முறை தட்டியிருப்பேன்! தாழம்பூ ரேக்கு, மல்லிமொட்டு, வங்கி, மயில்கண், யாளி, இருதலைப்பட்சி... ஒவ்வொன்றும் அழகான சொல். அவசரத்தில் அடித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பிழை விழும்.

இப்போது ‘சேலை’யைச் சொடுக்கினால் பட்டி கீழே இறங்குகிறது. பேட்டு, உடல், முந்தி, ஜரிகை. ‘பேட்டு’ மேல் மவுஸை வைத்தால் பக்கத்தில் இன்னொரு பட்டி விரிகிறது. ‘தாழம்பூ ரேக்கு’ என்பதைத் தொட்டதும் சொல் பிசகில்லாமல் கோப்பில் வந்து விழுகிறது, கர்சர் அடுத்து எழுத வேண்டிய இடத்தில் போய் நிற்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் கிடைத்த புவிசார் குறியீடு பற்றி எல்லா விவரக் குறிப்பிலும் வர வேண்டிய வரிகூட ஒரே சொடுக்கில் வந்துவிடுகிறது.

இதைச் செய்ய எவ்வளவு பாடுபட வேண்டும் என்று கேட்கிறீர்களா? ஒரு மாலை நேரம் போதும்! ஈமேக்ஸில் ‘ஈஸி-மெனு-டிஃபைன்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயருக்கு ஏற்ற குணம். பட்டியில் வரும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சதுர அடைப்புக்குறி. அதற்குள் மூன்றே விஷயம்: மேற்கோள் குறிக்குள் பெயர், அடுத்து ஓட வேண்டிய கட்டளை, கடைசியில் அந்த வரி எப்போது வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை. உள்பட்டி வேண்டுமா, சாதாரண அடைப்புக்குறிக்குள் முதலில் அதன் பெயரைப் போட்டு மற்றதை அடுக்க வேண்டியதுதான். நடுவில் கோடு வேண்டுமானால் இரண்டு சிறு கோடுகள். எழுதி முடித்து, கடைசி அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து, கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஈ அழுத்தினேன். மூடித் திறக்கவில்லை, எதையும் மறுபடி ஏற்றவில்லை. திரையின் உச்சியில் ‘சேலை’ வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நம்புங்கள்.

அந்த மூன்றாவது விஷயத்தைப் பற்றி ஆசை தீரச் சொல்ல வேண்டும். என்னிடம் ‘ஆர்டருக்கு நகர்த்து’ என்று ஒரு வரி இருக்கிறது. கோப்பில் எதையும் தேர்ந்தெடுக்காமல் பட்டியை இறக்கினால் அது மங்கலாகத் தெரியும், தொட்டாலும் அசையாது. இரண்டு வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு இறக்கினால் கறுப்பாகத் தயாராக நிற்கும். ‘இப்போது இதைச் செய்யலாம், இதைச் செய்ய முடியாது’ என்று பட்டியே சொல்லிவிடுகிறது. இதைவிட ஒருபடி மேலே ‘ஃபில்டர்’. பட்டியைத் திறக்கும் அந்த நொடியில் அதில் என்ன இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும் வசதி அது. என் ‘தறியில் இருப்பவை’ பட்டியை நான் கையால் எழுதவே இல்லை. திறக்கும்போதெல்லாம் ஆர்டர் கோப்புறையைப் பார்த்து, முடியாத சேலைகளை மட்டும் வரிசையாகக் காட்டுகிறது. ஒன்று முடிந்து மடித்து வைத்தால் அடுத்த முறை அந்தப் பெயர் அங்கே இருக்காது.

மெனுவை அணைத்துவிடு என்பதுதான் ஈமேக்ஸ் பழகும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை. பலர் பகிரும் அமைப்புக் கோப்புகளில் முதல் சில வரிகளிலேயே அதை அணைத்திருப்பார்கள். விசைதான் வேகம், மவுஸ் மெதுவாம். நானும் இரண்டு வருஷம் அணைத்துத்தான் வைத்திருந்தேன். இதில் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்த விசைகளெல்லாம் ஆங்கில எழுத்தை நம்பி வைத்தவை. விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில், கன்ட்ரோலோடு சேர்த்து எதை அழுத்துவது? மெனுவுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. எந்த மொழியில் எழுதிக்கொண்டிருந்தாலும் சொடுக்கினால் இறங்கும். (1999-ல் சென்னை மாநாட்டில் பிறந்த தமிழ்99 விசைமுறை ஈமேக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதை வைத்து எழுதினால் கன்ட்ரோல் விசைகளும் ஒழுங்காக வேலை செய்யும். தமிழில் எழுதுகிற எல்லாருக்கும் இதைக் கூவிச் சொல்லத் தோன்றுகிறது.)

இன்னொன்று, மெனு வாத்தியார் வேலையும் பார்க்கிறது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதற்கான விசையை எழுதிக் காட்டுகிறது. பத்து முறை சொடுக்கினால் பதினோராவது முறை விரல் தானாக அழுத்துகிறது. கன்ட்ரோல்-எச், கே அழுத்திவிட்டு ஏதாவது ஒரு மெனு வரியைச் சொடுக்கிப் பாருங்கள். அந்த வரி ஓடாது. அது என்ன கட்டளை, என்ன செய்யும் என்ற விளக்கம் திறக்கும். திரையின் உச்சியிலிருந்து கீழே இறங்கும் மெனுவை ஆப்பிள் லிசா கணினிக்காக உருவாக்கியவர் பில் அட்கின்சன். 1983-ல் லிசா வெளிவந்தது. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

தமிழ் எழுத்து சிதையாமல் வருமா என்ற பயம் எனக்கும் இருந்தது. 2020-ல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து ஈமேக்ஸ் எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. ‘கோர்வை’யில் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் அழகாக நிற்கின்றன. இங்கே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் கூடித் தமிழிலேயே பேசுவார்கள். கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் படிக்க 2012-லிருந்து ‘கணியம்’ இருக்கிறது. கேள்வி கேட்கக் கூச்சமே வேண்டாம்.

அப்பா கணினிப் பக்கம் வராதவர். ஒரு நாள் பின்னால் வந்து நின்று, பட்டி இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடை மாதிரி இருக்கேம்மா.”

தறிக்கு ஜக்கார்டு கருவி வருவதற்கு முன்னால் டிசைனுக்கான நூல்களை அடையாகக் கட்டி வைத்திருப்பார்கள். நெய்கிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து, எந்த நேரத்தில் எதைத் தூக்க வேண்டுமோ அதைத் தூக்கிக் கொடுப்பார். சரியான கட்டைப் பிடித்து இழுத்தால் பூ வரும். தாத்தா தறியில் சின்ன வயதில் அந்த வேலை பார்த்தவர் அப்பா.

“உட்கார்ந்து பாருங்கப்பா” என்று மவுஸைக் கையில் கொடுத்தேன். ‘சேலை’யைத் திறந்தார். ‘உடல்’ பட்டியை விரித்தார். ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“இது என்ன ருத்ராட்சம்? தறியில உட்கார்ந்தவன் எவன் அப்படிச் சொல்றான்? உத்திராட்சம்னு போடு.”

கோப்பைத் திறந்து இரண்டு எழுத்தை மாற்றினேன். கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஈ. “இப்போ திறந்து பாருங்க.”

திறந்தார். பார்த்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சரி, அந்த மயில்கண்ணுக்குக் கீழே இன்னும் நாலு பேர் இருக்கு. சொல்றேன், எழுதிக்கோ.”