டிஃபோர்ட் பெய்லியின் பணிநீக்கம்: ஒரு மறுவாசிப்பு
கலைஞரின் பணிநீக்கத்தை அவரது குறையாகவே எழுதும் போக்கு அமெரிக்கக் கன்ட்ரி இசை வரலாற்றில் உண்டு. நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சியில் முதல் கறுப்பின நட்சத்திரமாக விளங்கிய மவுத்ஆர்கன் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி இதற்குச் சான்றாவார். 1941இல் எழுந்த இசை உரிமத் தகராற்றினால் இவர் வழக்கமாக வாசித்த மெட்டுகள் வானொலியில் தடைபட்டன. அவ்வாண்டே இவர் நீக்கப்பட்டார். ஆயின் நிகழ்ச்சியைத் தொடங்கிய ஜார்ஜ் ஹே, 1945இல் வெளியிட்ட நூலில் இவரது சோம்பலையே காரணமாக்கி, அதனை இனத்தோடும் இணைத்தார். நிறுவனத்தின் நெருக்கடி இங்குக் கலைஞரின் குணக்குறையாக உருமாறுகிறது. காலணிகளுக்கு மெருகேற்றும் கடை நடத்தி வாழ்ந்த பெய்லி 1982இல் மறைந்தார். கன்ட்ரி இசைப் புகழரங்கம் 2005இல்தான் இவரை ஏற்றது. காலந்தாழ்ந்த இச்சிறப்பு பழைய பழியை நீக்கிவிடாது. எனவே, கலைஞர் வரலாற்றை எழுதுவோர் பணியமர்த்தியவரின் கூற்றைச் சான்றாகக் கொள்ளாமல் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.