பூவின் பெயரும் சிந்தாமணியும்

உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலை, ஏடு தேடி அலைந்த ஓர் அறிஞரின் தன்வரலாறாகவே நம்மில் பெரும்பாலோர் படித்திருக்கிறோம். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலாயிற்று. விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பங்குகளில் மாலைநேரப் படிப்பகங்களையும் மறைக்கல்வி வகுப்புகளையும் நடத்தும் நாம் அதை வேறொரு கண்கொண்டு படிக்க வேண்டும். கற்றது மாணவனிடம் எவ்வாறு நிலைக்கிறது என்பதற்குத் தமிழில் இதைவிட நேர்மையான சான்று இல்லை என்பது என் துணிபு. ஐந்து வயதில் கண்ட திண்ணைப் பள்ளியை எண்பத்தைந்து வயதில் எழுதியவரல்லவா!

அத்திண்ணைப் பள்ளியைப் பற்றிய பகுதியில், பலரும் கடந்துபோகும் சிறு செய்தி ஒன்று உண்டு. மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது, ஆசிரியர் ஒவ்வொருவனிடமும் பூவின் பெயர், ஊரின் பெயர் என ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லியனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் பிள்ளை அதைச் சொல்ல வேண்டும். பார்வைக்கு இது விளையாட்டுதான். ஆனால் இடையில் ஒரு முழு இரவு கிடக்கிறது. பிள்ளை உண்டு, உறங்கி, எழுந்து, மறந்தும் மறவாமலும் இருக்கும் நிலையில், கையில் ஏடில்லாமல் அச்சொல்லைத் தன் உள்ளத்திலிருந்து தானே எடுத்து வருகிறான்.

இன்றைய உளவியலார் ஆய்ந்து கண்டதும் இதுவே. 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினரை ஒரு பகுதியை நான்குமுறை படிக்கச் செய்தனர். மற்றொரு பிரிவினரை ஒருமுறை படிக்கவும், மூன்றுமுறை பாராமல் நினைவிலிருந்து எழுதவும் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர்: 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ படித்தவர்களுக்கு 40 விழுக்காடே எஞ்சியது. எடுத்துச் சொல்லிப் பழகியவர்களுக்கு 61. படிக்கும்போது தோன்றும் எளிமை நம்மை ஏமாற்றுகிறது. வழிகாட்டி நூலைக் கையில் வைத்துக்கொண்டு உரத்த குரலில் பத்துமுறை ஒப்பிக்கும் பிள்ளையைக் கண்டு நம் படிப்பகத் தொண்டர்கள் மகிழும்போது, அவர்கள் காண்பது அந்த முதல் ஐந்து நிமிடத்தைத்தான்.

பழமையைப் போற்றுவோர் இந்நூலை மனப்பாடத்தின் வெற்றியாகக் காட்டுவர். புதுமை நாடுவோர் அதையே கிளிப்பிள்ளைக் கல்வி என ஒதுக்குவர். இரு சாராரும் நூலின் நடுப்பகுதியை நின்று படிக்கவில்லை. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்தீர் என்று கேட்கிறார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி கைக்கு வருகிறது. விரித்துப் பார்த்தால் விளங்கவில்லை. ஆயிரக்கணக்கான செய்யுள்களை நெஞ்சில் வைத்திருந்தவர் மாணவனுக்குரிய திகைப்போடு நிற்கிறார். இந்நூலின் உச்சம் இவ்விடமே என்பேன்.

பின்பு அவர் சைனர் வீடுகளைத் தேடிச் சென்று கேட்டார். சிந்தாமணியைப் புனித நூலாகப் படித்துவந்தவர்களிடம் அதன் பொருள் உயிரோடிருந்தது. அவர் ஐயம் கேட்டவர்களுள் வீடூர் அப்பாசாமி நயினாரும் ஒருவர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, அணைக்கட்டால் நாம் அறிந்த அதே வீடூர்தான். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. உரையாசிரியர் பெயர் சொல்லாமல் காட்டிச்சென்ற மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்று அறிய, நெஞ்சில் இருந்த செய்யுள்கள் உதவின. ஆனால் அவை தாமாக வாய் திறக்கவில்லை. கேள்வி வந்த பிறகே பயன்பட்டன.

போகிற போக்கில் ஒன்று. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் சேர்ந்த தொடக்க நாள்களில், ஐயருக்குப் பாடம் சொன்ன மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவர். பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதும் தன் நினைவிலிருந்து எடுத்துத் தருவதுதானே!

நூலின் குறையையும் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளியின் பிரம்படியை ஐயர் மறைக்கவில்லை. ஆனால் அத்திண்ணையில் யாருக்கு இடமில்லை என்ற கேள்வியை எழுப்பவுமில்லை. அடித்துக் கற்பித்த கிரேக்கம் தமக்குக் கசந்ததையும், தாதியரின் கொஞ்சலில் இலத்தீன் தானே வந்ததையும் புனித அகுஸ்தினார் ‘அறிக்கைகள்’ முதற்பகுதியில் எண்ணிப் பார்க்கிறார். ஐயர் அந்த அளவுக்குத் தம் கல்வியை விசாரணைக்கு உட்படுத்துவதில்லை. மகன் தமிழ் கற்க வேண்டுமென்று ஊர் ஊராகக் குடிபெயர்ந்த தந்தை அவருக்கு வாய்த்திருந்தார். நம் பங்குப் பிள்ளைகள் பலரின் முன்னோர் அத்திண்ணைக்கு அருகேகூட வர இயலாதவர்கள். இன்றும் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடிபெயரும் பெற்றோர் உண்டு; அது மகனின் கல்விக்காக அன்று. ‘நேற்று என்ன பெயர் சொன்னேன்?’ என்று காலையில் கேட்க அப்பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் நம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. பிள்ளையின் தெருவிலேயே மாலையில் ஒரு தன்னார்வலர் அமர்ந்தார். சிற்றூர்ப் பிள்ளைகள் இழந்த கற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் மீட்டதாகவும், அம்மீட்பில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்ததாகவும் பொருளியல் ஆய்வு ஒன்று கண்டது. பெரிய கருவி எதுவும் அங்கில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தார்.

மறைக்கல்விக்கு வருவோம். புதுநன்மைக்கு முந்திய வாரத்தில் செபங்களும் கட்டளைகளும் தங்குதடையின்றி ஒப்பிக்கப்படுகின்றன. வெண்ணிற உடை பெட்டிக்குள் போனதும் யாரும் மீண்டும் கேட்பதில்லை. அடுத்த ஞாயிறு ஒரு கேள்வி, மூன்று வாரம் கழித்து அதே கேள்வி, திருவருகைக் காலத்தில் மீண்டும் ஒருமுறை. புத்தகம் மூடியிருக்க, பிள்ளை தன் சொல்லில் சொல்லட்டும். தடுமாறினால் உடனே அடியெடுத்துக் கொடுக்காமல் சற்றே காத்திருக்க மறைக்கல்வி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செபமாலை முடிந்தபின் வீட்டுப் பாட்டியும் இதைக் கேட்கலாம். அவருக்கு எழுத்தறிவு தேவையில்லை.