இருபது நிமிஷப் பிரயாணம்

நம் கதாசிரியர்களுக்கு ஒரு படகு கிடைத்துவிட்டால் போதும். உடனே நிலா காய ஆரம்பித்துவிடும். படகோட்டி பாடுவான். கதாநாயகி தண்ணீரில் கையை அளைவாள். இந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். பாலாற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் வந்தாலே திருவிழாவாகக் கொண்டாடும் வேலூர்க்காரன் நான். தீவுக்குப் போகும் படகைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினேன். வாசகர்கள் பாராட்டினார்கள். அவர்களிலும் பலர் படகேறாதவர்கள்தானே!

கல்கி மீது பழி போட முடியாது. 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி, வந்தியத்தேவனைக் கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்கு அழைத்துப் போகிறாள். அது கடல், அக்கரையில் என்ன காத்திருக்கிறதோ என்ற கவலை வேறு. அந்தக் கதைக்கு அந்தப் படகு பொருத்தம். அதையே இரவல் வாங்கி, ஒரு நகரத்துக்கும் பக்கத்துத் தீவுக்கும் நடுவே விட்டதுதான் எங்கள் பிழை.

எர்ணாகுளத்திலிருந்து வைப்பின் தீவுக்குப் போனபோதுதான் இது உறைத்தது. 2004-இல் கோசிறீ பாலங்கள் திறக்கும்வரை, அந்தத் தீவு ஜனங்கள் நகரத்துக்குப் போகப் படகையே பெரிதும் நம்பியிருந்தார்கள். பாலம் வந்த பிறகும் படகு போய்விடவில்லை. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ தொடங்கியபோது, முதலில் ஓடிய தடங்களில் ஹைக்கோர்ட்–வைப்பின் ஒன்று. பாட்டரியில் ஓடும் படகு. 100 பேர் போகலாம். சுமார் 20 நிமிஷம்.

யாரும் பாடவில்லை. தண்ணீரை வேடிக்கை பார்த்தவன் நான் ஒருவன்தான். எதிரே ஓர் அம்மாள் கண்ணை மூடியிருந்தாள். தூக்கமல்ல, விரல்கள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. வீடும் இல்லை, வேலையும் இல்லை. அந்த 20 நிமிஷம்தான் அவளுக்குச் சொந்தம். சின்னப் படகுத் துறையின் கதை தண்ணீரில் இல்லை. அந்த இடைவேளையில் இருக்கிறது.

அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆம்பூரில், விடிந்ததும் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றி வரும் ஷூ கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில். எங்கள் ஊர்த் தோணி அதுதான். தோல் ஷாப்புக் கழிவு பாலாற்றைக் கெடுத்த கதையை 1996-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பாக எழுதிவிட்டது. ஆற்றங்கரையில் குடியிருந்த நானோ, தினமும் பார்த்த பஸ்ஸை விட்டுவிட்டு, பார்க்காத படகில் நிலாவை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மறுபதிப்பில் அந்த அத்தியாயம் இராது. பஸ் ஏறிப் பார்த்த பிறகு வேறு எழுதலாம்.