வேருக்காக வளரும் பியோனி

சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில், போஜோ நகரைச் சுற்றியுள்ள வயல்களில் பியோனி என்னும் பூச்செடியை மருந்து வேருக்காகவே வளர்க்கிறார்கள். இலையுதிர் காலத்தில், குருத்துமொட்டுகள் ஒட்டியிருக்கும் கிழங்குத் துண்டுகளை ஆழ உழுத பொலபொலப்பான மண்ணில் நடுகிறார்கள். குளிரில் செடியின் மேற்பகுதி பட்டுப்போகும். வசந்தத்தில் கருஞ்சிவப்புக் குருத்துகள் மண்ணைப் பிளந்து எழும். அந்த நிறத்துக்கு ஈடான அழகு விரிந்த பூவிலும் குறைவுதான். வேர் திரள மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை களையெடுப்பு, மண் அணைப்பு, மழைநீர் தேங்காமல் வடியவிடுதல். தேங்கினால் வேர் அழுகிவிடும்.

மிகுந்த மனவுறுதி கேட்கும் வேலை மொட்டுக் கிள்ளுவது. சத்து முழுவதும் வேருக்கே சேர, இனிப்பு நீர் கசியும் உருண்டை மொட்டுகளை மலருமுன்பே முறித்துவிடுகிறார்கள். விரல்களில் பிசுபிசுப்பு ஒட்டிக்கொள்ளும். தோண்டியெடுத்த வேரைக் கழுவி, கொதிநீரில் வேகவைத்து, தோல் சீவினால் வழவழப்பான வெண்மை தெரியும். உலர்த்துவதில்தான் கைத்திறன் இருக்கிறது. கடும் வெயிலில் அவசரப்பட்டால் மேல்புறம் இறுகி, உள்ஈரம் சிறைப்பட்டுவிடும். அதனால் சிறிது நேரம் வெயில், பிறகு பாய் போர்த்திய குவியல், உள்ஈரம் வெளியே வந்ததும் மறுபடி வெயில். நன்றாகக் காய்ந்த வேர்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மெல்லிய வில்லைகளாகச் சீவினால் நடுவிலிருந்து கதிர்போல் ஓடும் கோடுகள் தெரியும். நாவில் இலேசான கசப்பும் புளிப்பும் படரும்.